சதுரமும் பட்டமும்

என் மகளுக்கு நான்கு வயது நிரம்ப இரண்டு மாதங்கள் இருக்கையில் அவளோடு ஒரு அட்டை விளையாட்டை ஆரம்பித்தேன். விளையாட்டு என்ற சொல்லைத் தயக்கத்துடன்தான் எழுதுகிறேன். வீட்டில் சேர்ந்துகிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கங்களை ஒரே அளவில் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு உருவம் வரைந்தேன். வட்டம், முக்கோணம், சதுரம், நீள்சதுரம். சதுரத்தை மட்டும் இரண்டு அட்டைகளில் வரைந்தேன். ஒன்றில் அது தன் பக்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். மற்றதில் தன் முனையின் மேல் நிற்கும். இந்த இரண்டாவது அட்டை என் சாமர்த்தியம். தோற்றத்தில் ஏமாறாமல் வடிவத்தை அவள் அடையாளம் கண்டுகொள்கிறாளா என்று பார்ப்பது என் எண்ணம்.

முதல் அட்டைக்கு, நான் சொல்லிக்கொடுத்திருந்தபடி, சதுரம் என்றாள். இரண்டாவதை எடுத்தேன். யோசிக்கவே இல்லை. "பட்டம்ப்பா" என்றாள்.

"இல்லம்மா, இதுவும் சதுரம்தான்."

அட்டையை அவள் மறுபடி பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சதுரம்" என்றாள். நான் பாராட்டினேன். அடுத்த நாளிலிருந்து எந்த அட்டையை எடுத்தாலும் அவள் கண் முதலில் என் முகத்துக்கு வந்துவிட்டுத்தான் அட்டைக்குப் போயிற்று. சரியான சொல் அவள் வாயில் உருவாகும்போது என் முகம் தளர்ந்திருக்க வேண்டும், தவறானது உருவாகும்போது இறுகியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

இந்த அட்டைகளுக்கு ஒரு காரணம் இருந்தது. பள்ளியில் சேர்க்க வேண்டும். 2009ஆம் வருடத்திய கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறையைத் தடை செய்கிறது. எனவே நாங்கள் போன பள்ளியில் அதற்குப் பரீட்சை என்று பெயர் இல்லை. குழந்தையோடு சும்மா பேசிப் பார்ப்பார்கள். பேசிப் பார்த்த அம்மாள் நல்லவராகவே இருந்தார். மரத்துண்டுகள் சிலவற்றைக் காட்டிப் பெயர் கேட்டார். ஒரு சதுரத் துண்டை, வேண்டுமென்றோ தற்செயலாகவோ, சாய்த்துப் பிடித்தார். என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எந்த ஜாடையும் செய்யவில்லை என்று அன்றைக்கு மனைவியிடம் சொன்னேன். இன்று அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். "சதுரம்" என்றாள். இடம் கிடைத்தது.

அன்று மாலை எனக்குள் இருந்த அரிப்புக்குப் பெயர் வைக்க முடியவில்லை. நான் பொய் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. முனையில் நின்றாலும் சதுரம் சதுரம்தான். அதைக் குழந்தை தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். பின் எது என்னை உறுத்துகிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. பதில் தெரிந்த ஒருவன், தன்னைச் சார்ந்து நிற்கும் ஒரு சிறு ஜீவனிடம் கேட்கும் கேள்வி விளையாட்டாக இருக்க முடியுமா? இருக்க முடியுமென்றால், எந்த நிபந்தனையின் பேரில்?

முதலில் பட்டத்தைப் பற்றி. ஒரு சதுரத்தை நாற்பத்தைந்து டிகிரி திருப்பினால் வடிவகணிதப்படி எதுவும் மாறுவதில்லை, ஆனால் கண்ணுக்கு அது வேறு ஒன்றாகிவிடுகிறது என்பதை எர்ன்ஸ்ட் மாஹ் 1886இல் புலனுணர்வுகளைப் பற்றிய தன் புத்தகத்தில் கவனப்படுத்தினார். பார்வையின் உளவியலில் அது இன்றும் பேசப்படும் விஷயம். ஆக, என் மகள் கண்டது கண்ணின் நிஜம். அதோடு, நம் தெருக்களில் பறக்கும் பட்டம் சதுரக் காகிதத்தில் செய்வதுதான். முனையை மேலே வைத்துக் கட்டுவதால் பட்டமாகிறது. அவள் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. இரண்டு சரிகளுக்கு நடுவில் ஒரு வழி இருந்தது: அட்டையை அவள் கையில் கொடுத்து, "ஆமா, பட்டம் மாதிரிதான் இருக்கு, கொஞ்சம் திருப்பிப் பாரு" என்று சொல்லியிருக்கலாம். திருப்பினாலும் சதுரம் மாறாது என்ற உண்மை, திருப்புகிற கையில்தான் இருக்கிறது. நான் அட்டையைக் கொடுக்கவில்லை. சொல்லைக் கொடுத்தேன்.

நம் அளவை நூல்கள் அறிவு வரும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று பிரிக்கும். காண்டலில் தொடங்கிக் கருதலுக்குப் போகவேண்டிய ஒன்றை நான் ஒரே நொடியில் உரையாக மாற்றிவிட்டேன். பட்டம் அவள் கண்டது. சதுரம் அவள் கேட்டது. அதை ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம், சொன்னவன் அப்பா என்பது தவிர வேறெதுவும் இல்லை.

சாதாரண வாழ்க்கையில் நாம் தெரியாததைத்தான் கேட்கிறோம். மணி என்ன, பஸ் போய்விட்டதா, கணக்கு நம்பர் என்ன. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் சிலரே: குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல், போலீஸ்காரர், வாத்தியார், பெற்றோர். இவர்கள் கேள்வி கேட்கும்போது கேட்கப்படுவது பொருளைப் பற்றியது போலிருக்கும். உண்மையில் ஆராயப்படுவது எதிரில் நிற்கும் ஆள். குழந்தை இதை வெகு சீக்கிரம் தெரிந்துகொள்கிறது. ஆராயப்படுவது தான் என்று தெரிந்துவிட்ட பிறகு, அது பொருளைப் பார்ப்பது விவேகமற்ற காரியம். ஆராய்பவனைப் பார்ப்பதே விவேகம்.

இதற்கு உளவியலிலேயே ஒரு சரித்திரம் உண்டு. ழான் பியாஜேயின் பிரசித்தமான சோதனை ஒன்று. இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் நாணயங்களையோ பொத்தான்களையோ ஒன்றுக்கெதிர் ஒன்றாக வைத்து, இரண்டும் சமமா என்று கேட்க வேண்டும். சமம் என்று குழந்தை சொல்லும். பிறகு ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டி, அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை அநேகமாக நீண்ட வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்று சொல்லிவிடும். ஆறேழு வயது வரை குழந்தையின் சிந்தனை கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பது பியாஜேயின் முடிவு.

எழுபதுகளில் ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்ஸனும் ஜேம்ஸ் மகாரிகிளும் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். பெரியவர் கையால் வரிசையை நீட்டுவதற்குப் பதில், ஒரு குறும்புக் கரடிப் பொம்மை பெட்டியிலிருந்து ஓடிவந்து வரிசையைக் கலைத்துவிடுகிறது. அதே கேள்வி. இப்போது சமம் என்று சொன்ன குழந்தைகளின் தொகை வெகுவாக உயர்ந்தது. மாற்றுவதற்கு முன்பு கேட்கும் முதல் கேள்வியை விட்டுவிட்டு, மாற்றிய பிறகு ஒரே முறை மட்டும் கேட்டபோதும் தவறுகள் குறைந்ததை 1974இல் வேறு இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். டொனால்ட்ஸன் தன் 1978ஆம் வருடத்திய புத்தகத்தில் இவற்றின் அர்த்தத்தை விவாதிக்கிறார். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு, ஏற்கனவே பதில் சொன்ன கேள்வியைத் திரும்பக் கேட்டால், அவர் வேறு பதிலை எதிர்பார்க்கிறார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? குழந்தை நாணயங்களைப் பற்றிய கேள்விக்கு அல்ல, அந்த மனிதரின் நோக்கத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

இதே போன்ற இன்னொன்று. பியாஜேயும் பேர்பெல் இன்ஹெல்டரும் மூன்று மலைகளின் மாதிரி ஒன்றை மேஜைமேல் வைத்து, எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பொம்மைக்கு மலைகள் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். சிறு குழந்தைகள் தங்களுக்குத் தெரிவதையே பொம்மைக்கும் தெரிவதாகச் சொன்னார்கள். மார்ட்டின் ஹியூஸ் மலைகளை எடுத்துவிட்டுக் குறுக்குச் சுவர்களையும் போலீஸ்காரப் பொம்மைகளையும் வைத்தார். போலீஸ் கண்ணில் படாமல் பையனை எங்கே ஒளித்து வைக்கலாம் என்பது கேள்வி. மூன்றரையிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட 30 குழந்தைகள். நூற்றுக்குத் தொண்ணூறு விடைகள் சரி. ஒளிந்து விளையாடத் தெரிந்த குழந்தைக்கு அடுத்தவர் கண் எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் இருக்க முடியுமா?

பியாஜே சொன்ன வளர்ச்சிப் படிகள் எல்லாம் இதனால் பொய்த்துவிட்டன என்று நான் சொல்லவில்லை; அந்த விவாதம் வேறு. எனக்கு முக்கியமாகப் படுவது, மிக நேர்மையான ஒரு ஆய்வாளரின் கேள்வியிலும் கேட்பவரின் அதிகாரம் கலந்துவிடுகிறது, அதை முதலில் மோப்பம் பிடிப்பது குழந்தை என்பதுதான்.

வீட்டில் நானும் ஒரு ரூபாய் நாணயங்களை ஆறுக்கு ஆறு வைத்துப் பார்த்தேன். நீட்டிய வரிசையில்தான் ஜாஸ்தி என்றாள் மகள். சில நாள் கழித்து அதே போல் வைத்துக்கொண்டிருக்கையில் என் முழங்கை பட்டு ஒரு வரிசை சிதறிவிட்டது. கேட்டேன். சிரித்தாள். "அதேதான். நீதானே தள்ளிவிட்டே." ஒரு குழந்தையை வைத்து எதையும் ஸ்தாபிக்க முடியாது. ஆனால் நான் நிஜமாகவே தடுமாறிய கணத்தில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள் என்பதைக் கவனித்தேன்.

இந்த இடத்தில் ஒரு சுலபமான முடிவு காத்திருக்கிறது. பெரியவன் ஒதுங்கிக்கொள்ளட்டும், குழந்தை தானாகப் பார்க்கட்டும், குழந்தையின் பார்வை கறைபடாதது, அதுவே கவியின் பார்வை என்று முடித்துவிடலாம். நம் புதுக்கவிதையில் குழந்தை வந்துவிட்டால் இந்த வழிபாடும் கூடவே வந்துவிடுகிறது. இது உண்மை இல்லை. குழந்தை முகத்தைப் பார்ப்பது நாம் புகட்டிய கெட்ட பழக்கம் மட்டும் அல்ல. அது வெகு ஆழத்திலிருந்து வருகிறது. ஒரு பாதி ஆழமின்றியும் மறுபாதி பள்ளம் போலவும் தோன்றும்படி அமைத்து, முழுவதும் கெட்டிக் கண்ணாடியால் மூடிய மேஜை ஒன்று உளவியல் சோதனைகளில் உண்டு. தவழும் குழந்தை பள்ளத்தின் விளிம்பில் நின்றுவிடும். பள்ளத்தின் ஆழத்தைச் சந்தேகத்துக்கு இடமாகும் அளவுக்குக் குறைத்து, எதிர்க்கரையில் தாயை நிறுத்தி, 1985இல் வெளியான ஒரு ஆய்வில் பார்த்தார்கள். தாய் மகிழ்ச்சியான முகம் காட்டியபோது ஒரு வயதுக் குழந்தைகள் 19 பேரில் 14 பேர் கடந்து போனார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவரும் கடக்கவில்லை.

எனவே முகத்தைப் பார்க்காதே என்று குழந்தையிடம் சொல்வதில் அர்த்தமில்லை. உலகம் நம்பத்தகுந்ததா என்று அது தெரிந்துகொள்வதே அடுத்தவர் முகத்தில்தான். குழந்தை பார்க்கத்தான் போகிறது. அங்கே எதைக் காண்கிறது என்பதற்குத்தான் நாம் பொறுப்பு.

பெரியவரின் முகத்தைக் கூடியமட்டும் விலக்கிவிடும் முயற்சியாகத்தான் மரியா மாண்டிஸோரியின் சாதனங்களை நான் புரிந்துகொள்கிறேன். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார்; யுத்த காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அவருடைய உருளைக் கட்டைகளில் பத்துக் குழிகளுக்குப் பத்து உருளைகள். ஒன்றைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஒரு உருளை இடமில்லாமல் மிஞ்சும். தவறைச் சொல்வது டீச்சர் இல்லை, கட்டை. கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை. இது பெரிய விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு குழிதான் உண்டு. பட்டத்துக்கு அங்கே குழி இல்லை. குழந்தை எதிர்பாராத ஒன்றைக் கண்டால் கட்டை அதைக் கேட்டுக்கொள்ளாது. அதைக் கேட்க இன்னொரு மனிதர் வேண்டும்.

இரண்டும் சேர்ந்திருக்கும் ஒரு காட்சியை நான் என் வீட்டு வாசலிலேயே பார்த்திருக்கிறேன். என் தாயார் புள்ளிக்கோலம் போடும்போது மகள் பக்கத்தில் குந்தியிருப்பாள். புள்ளிகளை இட்டுவிட்டு ஒரே இழையாக வளைத்துக்கொண்டு போய் ஆரம்பித்த இடத்தில் சேர்க்க வேண்டும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் எழுபதுகளில் இந்தக் கோலங்களுக்குள் இருக்கும் விதிகளைக் கணிதப் படஇலக்கணமாக எழுதிக்காட்டினார்கள். அந்த விதிகள் என் தாயாருக்குத் தெரியாது. ஒரு புள்ளி விட்டுப்போனால் இழை சேராது. கோலமே தவறைச் சொல்லிவிடும். பேத்தி தவறினால் அம்மா, "புள்ளிய எண்ணிப் பாருடி கண்ணு" என்பாள், குனிந்தபடியே. புதிய கோலம் என்றால் அம்மாவும் தவறுவாள், புறங்கையால் அழிப்பாள், மறுபடி போடுவாள். அந்த நேரத்தில் இரண்டு பேருடைய முகமும் தரையை நோக்கி இருக்கும். குழந்தை எப்போதாவது நிமிர்ந்து பாட்டி முகத்தைப் பார்த்தால், அங்கே தன்னை ஆராயும் கண்கள் இல்லை. கோலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள்தான் இருக்கின்றன. அதைக் கண்டதும் அவளும் கோலத்துக்குத் திரும்பிவிடுகிறாள். விடியலில் குனிந்து கோலம் போடும் வேலை பெண்ணுக்கென்றே விதிக்கப்பட்டது, பேரன் இருந்தால் அவனை யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மறைத்துவிட்டுப் புகழ்ந்தால் அது வேறொரு பொய்.

நான் தேடிய நிபந்தனை இதுதான் என்று தோன்றுகிறது. பெரியவனுக்குப் பதில் தெரிந்திருப்பது குற்றமில்லை. பல சமயங்களில் தெரிந்தே இருக்கும். ஆனால் அவன் கண் குழந்தையின் மேல் அல்லாமல் குழந்தை பார்க்கும் பொருளின் மேல் இருக்க வேண்டும். தனக்குத் தெரிந்ததற்கு மேலும் அங்கே ஏதாவது இருக்கக்கூடும் என்று அவன் மெய்யாகவே நம்ப வேண்டும். இதை நடிக்க முடியாது. நடித்தால் அதையும் அந்தக் கண்கள் முகத்திலிருந்து படித்துவிடும்.

இது வெறும் குழந்தை வளர்ப்பு விஷயமாக எனக்குத் தோன்றாததற்கு என் உத்தியோகம் ஒரு காரணம். வங்கிக் கவுன்டரில், கொடுக்கப்படும் கையெழுத்து ஸ்பெசிமன் கையெழுத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. முன்பு அட்டையில் இருந்த ஸ்பெசிமன் இப்போது கம்ப்யூட்டர் திரையில் தெரிகிறது. அதே மனிதரின் இரண்டு கையெழுத்துகள் அச்சு அசலாக ஒன்றாய் இருக்கவே இருக்காது. இருந்தால்தான் யாரோ மேலே வைத்து வரைந்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். வேறுபாடுகளுக்குள் ஒருமையைக் காண்பது நுட்பமான பார்வை. பென்ஷன் பணம் எடுக்க வரும் பெரியவர்கள் சிலருக்குக் கை நடுக்கம். ஸ்லிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதை அவர்கள் திரும்பப் பார்ப்பதில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஐம்பது வருடமாகப் போட்டுவரும் தன் கையெழுத்து தன்னுடையதுதானா என்பதை அவர் என்னிடம் தேடுகிறார். அந்தப் பார்வையை நான் முதலில் எங்கே பார்த்தேன் என்று யோசித்தபோது அந்தச் சாய்ந்த அட்டை ஞாபகம் வந்தது. கவுன்டரில் ஆளைச் சோதிப்பதற்கு நியாயம் இருக்கிறது, மோசடிகள் நடக்கின்றன. வீட்டுத் தரையில் குழந்தையோடு உட்கார்ந்தபோதும் நான் கவுன்டருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

விமர்சனத்திலும் இதையே செய்துவருகிறேனோ என்று பயமாக இருக்கிறது. கல்லூரியில் ஆங்கிலக் கவிதை படித்தபோது நாங்கள் யாரும் கவிதையைப் பார்க்கவில்லை. வாத்தியாரின் முகத்தைப் பார்த்தோம், அவர் முகத்தில் இல்லாதது நோட்ஸில் இருந்தது. அதைக் கண்டித்து எழுதத்தான் சிறுபத்திரிகைக்கு வந்தேன். இப்போது, ஒரு கவிதைத் தொகுதி வந்தால், அதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று தெரிந்துகொண்ட பிறகு தன் அபிப்பிராயத்தைச் சொல்லும் இளம் நண்பர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு ரகசிய சந்தோஷமும் இருக்கிறது. ஒரு வாசகன் பட்டம் என்று சொல்லவந்ததை எத்தனை முறை சதுரம் என்று திருத்தியிருப்பேன்? என் திருத்தங்கள் பெரும்பாலும் சரியானவை என்பதால் அந்தக் கணக்கு குறைந்துவிடாது.

இப்போது எங்கள் விளையாட்டு மாறியிருக்கிறது. கூடத்துச் சுவரில் மழைக்கு ஊறிய கறை ஒன்று இருக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியாது, அதனால் கேட்கிறேன். படுத்திருக்கும் மாடு என்றேன் ஒருநாள். "இல்லப்பா, மாடு எழுந்திருக்கப் போகுது, பாரு" என்று முன்னங்காலைக் காட்டினாள். பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்க எனக்கு ஆசைதான். போன வாரம் அலமாரியை ஒழுங்குபடுத்துகையில் பழைய அட்டைகள் அகப்பட்டன. முனையில் நிற்கும் சதுரத்தை எடுத்து, எதையும் எதிர்பார்க்காமல்தான், அவளிடம் காட்டினேன். அவளுக்கு இப்போது ஐந்தரை வயது. அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இப்ப என்ன சொல்லணும்ப்பா?" என்றாள்.

பதில் சொல்லாமல் அட்டையை அவள் கையில் கொடுத்தேன்.